மூன்றாவது முறுக்கு

அந்தத் தண்ணீர் பாட்டில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

வலது கையால் திருகினேன், இடது கையால் திருகினேன், சட்டை நுனியைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்துத் திருகினேன். மூடி அசையவில்லை. விக்கல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இதை வெல்டிங் வெச்சு மூடுவீங்களா?" என்றேன்.

எதிரே இருந்த ஃபிட்டர் பாட்டிலை வாங்கி, ஒரே திருகில் திறந்து கொடுத்தார்.

"கைப் பழக்கம் தம்பி. எதை மூடினாலும் இறுக்கிடுவேன். அவளுக்கு இதே ரோதனைதான். சமையக்கட்டுல இருந்து 'இங்க வாங்க'ன்னு ஒரு குரல் வரும். போனா பாட்டிலை நீட்டுவா, இல்லேன்னா குழாயைக் காட்டுவா. 'உங்களைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு எனக்குத் தண்ணி குடிக்கக்கூட ஆள் துணை வேண்டியிருக்கு'ன்னு சொல்லுவா."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி படமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்காமலே என் விக்கல் நின்றுபோயிற்று.

என்னை எல்லோரும் ரேடியோ என்பார்கள். காரணம் கேட்கிறவர்கள் என்னோடு ஒரு டீ குடித்தால் போதும். துப்பறியும் தொழிலில் என் மேடத்துக்கு நான் உதவியாள். மேடம் முன்னாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைப் பார்வையிட்டவர். ஆள் குள்ளம், பேச்சு அதைவிடக் குள்ளம். நான் பேசுகிறேன், அவர் யோசிக்கிறார். பாகப்பிரிவினை அப்படி.

விஷயம் இதுதான். இந்த ஃபிட்டரின் மனைவி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். கடலுக்கடியில் கிடக்கும் கப்பல் ஒன்றின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். புடவை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். "ஒரே ஒரு தடவை" என்பாள். போன மாதம், கல்யாண நாளன்று, ஃபிட்டர் அவளை அந்தக் கப்பலுக்கே கூட்டிப்போனார். முதல் முறை மூழ்குகிறவர்களுக்கென்றே அமைந்த இடம். ஆழம் கிடையாது, நீரோட்டம் கிடையாது, தண்ணீர் வெதுவெதுப்பு. ஃபிட்டருக்குத் தண்ணீர் என்றால் பயம், அதனால் அவர் படகிலேயே இருந்தார். அவள் மட்டும் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று மேலே வந்தாள். ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு அப்படி ஏறினால் நெஞ்சு தாங்காதாம். அவர் மடியிலேயே போய்விட்டாள்.

அவள் முதுகில் இருந்த காற்றுச் சிலிண்டரின் திருகு கிட்டத்தட்ட மூடிக் கிடந்ததாகப் போலீஸ் சொன்னது. அவளை இறக்கிவிட்டுக் கூடவே மூழ்கிப்போன டைவ் மாஸ்டர் சின்னப் பெண். 'சரியாகத் திறக்காமல் இறக்கிவிட்டாள்' என்று வழக்கு. அவளோ 'நான் திறந்தேன்' என்ற ஒரே வார்த்தையில் நின்றாள். நாளைக் காலை கோர்ட். குற்றம் நிரூபணமானால் ஜெயில்.

ஃபிட்டர் எங்கள் ஆபீஸுக்கு வந்து கேட்டது ஒன்றுதான். "மறந்துட்டேன்னு அவ ஒரு வார்த்தை சொல்லட்டும் மேடம், நான் விட்டுடறேன். யானைக்கும் அடி சறுக்கும். ஆனா திறந்தேன், திறந்தேன்னு சாதிக்கிறாளே, அதான் தாங்கலை. யார் கை அந்தத் திருகை மூடுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

மேடம் அன்றைக்கே திருப்பிக் கேட்டார். "யார் கையா இருந்தாலும் ஏத்துக்குவீங்களா?"

"ஏத்துக்குவேன்."

இப்போது மேடம் சமையலறையிலிருந்து கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "குழாய் என்ன இப்படி இறுகிக் கிடக்கு?"

"என் வேலை அப்படி மேடம்" என்றார் ஃபிட்டர். "பூங்காவுல பெரிய ராட்டினம் என் பொறுப்பு. காலையில ஏறி ஒவ்வொரு போல்ட்டா தொட்டுப் பாக்கணும். ஒண்ணு ஆடினா ஒரு குடும்பம் கீழ விழும். ஆடினா முறுக்கு. எங்க வேலையில மொத்தப் பாடமே அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது."

அப்போதுதான் கவனித்தேன். அந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட ஆடவில்லை. ஜன்னல் கொக்கி, கதவுக் கைப்பிடி, அலமாரி எல்லாம் அடித்துவைத்த மாதிரி நின்றன. என் வீட்டு நாற்காலிகளில் உட்காருவதற்கு முன்னால் குலதெய்வத்தைக் கும்பிட வேண்டும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருக்கும் கண்ணாடியை அவர் துடைத்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

"இன்னிக்குப் படகுக்கு நீங்களும் வாங்க" என்றார் ஃபிட்டரிடம்.

"மேடம், வேணாம். அந்தப் படகு..."

"தெரியும். இருந்தாலும் வாங்க."

படகுத்துறைக்குப் போகும் வழியில் என் துப்பை அவிழ்த்துவிட்டேன். "மேடம், படகு ஓட்டறவன்தான். அந்தப் பொண்ணு மேல ஏதோ காண்டு. நைசா மூடிட்டான்."

"படகு ஓட்டறவருக்கு ஒரு கை முழங்கையோட போயிடுச்சு. இன்னொரு கை அன்னிக்குச் சுக்கான்லதான் இருந்துச்சு."

"அப்ப அவன் இல்லை."

"உன் மூளையை நினைச்சா எனக்கே பெருமையா இருக்கு" என்று பெப்பர்மிண்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

டைவ் மாஸ்டர் பெண்ணைப் பார்த்ததும் கிண்டலை நிறுத்திக்கொண்டேன். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கண் தூங்கி நாளாகியிருந்தது. பயணிகளை இறக்க அவளுக்குத் தடை. 'நாங்க பயணிங்க இல்லை, விசாரணைக்கு வந்த ஆளுங்க' என்று எழுதிக்கொடுத்து மேடம் அனுமதி வாங்கியிருந்தார்.

படகின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் ஃபிட்டர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்காகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"நான் திறந்தேன் மேடம்" என்றாள் மெல்ல. இன்ஜின் சத்தத்தில் அது எங்களைத் தாண்டிப் போகவில்லை. "மனசுக்குள்ள எத்தனையோ தடவை திறந்து பாத்துட்டேன். இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வீட்டுக் கதவைப் பூட்டிட்டு நாலு தெரு போய்த் திரும்பி வந்து பாக்கறேன். என் கையை என்னாலேயே நம்ப முடியலை."

"எப்படித் திறப்பே? செஞ்சு காட்டு."

அவள் சிலிண்டரின் கழுத்தில் இருந்த கறுப்புத் திருகைத் திறந்துகொண்டே போனாள். அது நின்றதும் ஒரு துளி பின்னால் திருப்பினாள்.

"ஏன் பின்னாடி திருப்பறே?"

"முட்டத் திறந்து அப்படியே விட்டா பிடிச்சுக்கும் மேடம். அதனால ஒரு துளி தளர்த்தி விடுவோம். எனக்குச் சொல்லிக் குடுத்தவங்களும் அப்படித்தான் செய்வாங்க. தொட்டுப் பாருங்க, லேசா ஆடும். ஆடினா திறந்திருக்குன்னு அர்த்தம்."

மேடம் தொட்டுப் பார்த்தார். இன்னொரு பெப்பர்மிண்டைப் பிரித்தார். ஆனால் வாயில் போடவில்லை, பெஞ்சின் மேல் வைத்துவிட்டார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எனக்கு ஆழம் நன்றாகவே தெரிந்திருந்தது. அதுதான் பிரச்சினை.

"அண்ணா, ரெண்டே விஷயம்" என்றாள் அந்தப் பெண். "விரலை வளையம் மாதிரி காட்டினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடிக்கக்கூடாது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு."

"பேச முடியாதா?"

"முடியாது."

"கடலுக்கு நல்ல காலம்" என்றார் மேடம்.

நானும் மேடமும் அவளோடு இறங்கினோம். குளியலறை வாளியில் வெயில் பட்டு நின்ற தண்ணீர் மாதிரி கடல் இளஞ்சூடாக இருந்தது. கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனோம். கீழே அது வந்தது. சின்ன சரக்குக் கப்பல். மணலில் நேராக, யாரோ நிறுத்திவிட்டுக் கடைக்குப் போன மாதிரி நின்றது. முதல் தடவை வருகிறவர்களெல்லாம் அங்கேதான் கற்றுக்கொள்வதால் படகுக்காரர்கள் அதற்குப் 'பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேல்தளம் முழுக்க வெயில் விழுந்தது. மஞ்சள் மீன்கள் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வந்தன. அவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டாம். பீரோக் கதவில் ஒட்டியிருந்த படம் இதுதான். அவள் இதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மாலுமி அறை ஜன்னலருகே அந்தப் பெண் நின்றாள். கையாலேயே கதை சொன்னாள். ஃபிட்டரின் மனைவி இங்கேதான் எட்டிப் பார்த்தாள். சந்தோஷத்தில் இரண்டு கையாலும் வளையம் காட்டினாள். பிறகு தொண்டையைப் பிடித்தாள். இந்தப் பெண் தன்னிடமிருந்த இன்னொரு வாய்க்குழாயை நீட்டினாள். அந்தம்மா அதைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். மேலே படகின் அடிப்பாகம் கறுப்பாகத் தெரிந்தது. அதை நோக்கித்தான் பாய்ந்தாள்.

அவள் கணவர் இருந்த படகு அது.

அந்தப் பெண்ணின் கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்தேன். கடல் வெளியேதான் இருந்தது.

படகில் ஏறி மூச்சு வாங்கும்போது மேடம் என்னைப் பார்த்தார். "ரேடியோ, இன்னொரு தடவை இறங்கணும்."

"மேடம், நான் ஏற்கெனவே ஊறுகாய் ஆயிட்டேன்."

"அன்னிக்கு நடந்தது அப்படியே நடக்கணும்" என்றார் அந்தப் பெண்ணிடம். "ரேடியோவை அந்தம்மா உக்காந்த இடத்துல உக்கார வை. அன்னிக்கு என்னென்ன செஞ்சியோ செய்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். முதுகில் புதிய சிலிண்டர் ஏறியது. அவள் திருகைத் திறந்தாள், ஒரு துளி தளர்த்தினாள், மேடம் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். "அப்புறம் நங்கூரக் கயித்தைப் பாக்க முன்னாடி போனேன் மேடம். திரும்பி வந்து குதிக்கச் சொன்னேன்."

"போ."

அவள் முன்பக்கம் போனாள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கால் நடுங்கியது. உண்மையாகவே பயந்தேன், அதில் நடிப்பு கிடையாது.

என் நடுக்கத்தைப் பார்த்து ஃபிட்டர் எழுந்து வந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை.

"பயமா இருக்கா தம்பி?"

"லேசா அண்ணே."

"ஒண்ணும் ஆகாது. இருங்க, பாக்கறேன்." தோள் பட்டையை இழுத்துச் சரிசெய்தார். இடுப்பு பக்கிளை அழுத்திப் பார்த்தார். முதுகுப் பக்கம் போனார். தகப்பன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிடுகிற பக்குவம் அந்தக் கையில் இருந்தது. சுகமாகக்கூட இருந்தது.

கிர்ர்... என் பிடரிக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம்.

மறுபடியும் கிர்ர்.

"போதும்" என்றார் மேடம். "கையை அப்படியே வைங்க."

ஃபிட்டரின் கை அந்தத் திருகின் மேலேயே நின்றது. "என்ன மேடம்?"

"என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. இது ஆடுச்சு. அதான்..."

அந்த 'அதான்' முடியவே இல்லை. அவர் கண் மெல்ல இறங்கித் தன் கையில் வந்து நின்றது.

"ரேடியோ, அந்த வாய்க்குழாயில மூச்சு இழு."

இழுத்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் காற்றின் அளவைக் காட்டும் மீட்டரில் முள் தடாலென்று விழுந்து, மூச்சை விட்டதும் எழுந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி விழுந்தது. திரும்பி வந்த அந்தப் பெண் முள்ளைப் பார்த்தாள், அப்படியே படகின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இறுக்கற பக்கம்தான் இதுக்கு மூடற பக்கம். மேல இருக்கும்போது இந்த நூல் அளவு காத்து போதும்" என்றார் மேடம். குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "கீழ போகப் போக ஒரு மூச்சுக்கே நிறையக் காத்து வேணும். அங்கே போதாது." பிறகு அவரருகே போய்த் தணிந்த குரலில் கேட்டார். "அன்னிக்கும் ஆடுச்சா?"

ஃபிட்டர் திருகிலிருந்து கையை எடுத்தார்.

"அவளுக்குப் பயம் மேடம். வருஷக்கணக்கா ஆசைப்பட்டவ, இறங்கற நேரத்துல பயந்துட்டா. 'எல்லாம் சரியா இருக்கா, நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. நீங்க பாத்தாத்தான் இறங்குவேன்'னா. பாத்தேன். எல்லாம் கெட்டியா இருந்துச்சு. ஒண்ணு மட்டும் ஆடுச்சு."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"சொல்ல என்ன இருக்கு மேடம்? நான் தப்பா எதுவும் பண்ணலையே. சரி பண்ணினேன். ஆடினதைச் சரிதானே பண்ணினேன்?"

ராட்டினக்காரருக்கு ஆடினால் ஆபத்து. கடல்காரிக்கு ஆடினால் பத்திரம். இரண்டு பேருமே தொழில் சுத்தம். இரண்டு சுத்தத்துக்கும் நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைக்கிற கை இப்படிச் செய்யும் என்று எவனும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை. வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டே அழுதேன்.

"ரெண்டு முறுக்கு போட்டேன்" என்றார் அவர், தனக்குத்தானே. "மூணாவது போடறதுக்குள்ள குதிக்கக் கூப்பிட்டாங்க. 'இப்ப கெட்டியா இருக்கு, போ'ன்னு முதுகுல தட்டினேன்." சட்டென்று அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். ஒரு மாதமாக அவளோடு பேசாதவர். "ஏம்மா, மூணாவதையும் போட்டிருந்தா?"

மேடம் அவளைத் தடுக்கக் கையைத் தூக்கினார். ஆனால் அவள் அதற்குள் சொல்லிவிட்டாள்.

"முழுசா மூடியிருக்கும் சார். மேலேயே காத்து நின்னிருக்கும். அவங்க இறங்கியே இருக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கத்தவில்லை. தன் வலது கையை உடம்பிலிருந்து தள்ளிவைத்து, யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உன்னைக் கொலைகாரின்னு ஊரே கேக்கச் சொன்னேனேம்மா" என்றார்.

அந்தப் பெண் தவழ்ந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "குதிக்கறதுக்கு முன்னாடி கடைசியா தொடற கை என் கையா இருந்திருக்கணும் சார். கயித்தைப் பாத்துட்டு வந்து, மறுபடி தொட்டுப் பாக்காம விட்டுட்டேன். அது என் தப்பு. அதை நான் யார்கிட்ட வேணாலும் சொல்லுவேன்." அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை.

கரைக்கு வரும் வழியில் மேடத்தின் காதருகே குனிந்தேன். "மேடம், இதை இவர்கிட்ட மறைச்சிருக்கக் கூடாதா? அந்தக் குழாயைத் திருகினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லையா?"

"சந்தேகம்தான். நான் தப்பா இருக்கணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டேன்." பெஞ்சில் உருகிப்போயிருந்த பெப்பர்மிண்டை எடுத்துக் கடலில் போட்டார். "மறைச்சா நாளைக்கு அந்தப் பொண்ணு உள்ள போகும். செத்தவளை நம்மால கொண்டுவர முடியாது. இவளையாவது வீட்டுக்கு அனுப்பலாம்."

மறுநாள் கோர்ட்டில் ஃபிட்டர் வக்கீலைப் பேச விடவில்லை. கூண்டில் ஏறி, வலது கையை நீட்டி, "அய்யா, மூடினது இந்தக் கை" என்றார். மீதியை மேடம் சொன்னார். அந்தப் பெண் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டாள். கொஞ்ச காலம் கடலில் ஆள் இறக்கக்கூடாது என்றார்கள். ஜெயில் இல்லை என்றானது. அவளுடைய அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுததை ஃபிட்டர் தூர நின்று பார்த்தார். உண்மையைக் கேட்டு வந்தவருக்கு உண்மை கிடைத்துவிட்டது. எங்கள் தொழிலில் இதைத்தான் வெற்றி என்று சொல்கிறார்கள்.

மாலையில் நான்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஜோக் அடிக்கப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. ஜோக் சரியில்லை என்பது வேறு விஷயம்.

உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பீரோக் கதவு திறந்தே கிடந்தது. உள்பக்கம் அந்தக் கப்பல் படம். இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருந்தோம்.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் ஒரு குழாய் சொட்டுவதா? யாராவது வேண்டுமென்றே தளர்த்தி விட்டால்தான் உண்டு. பாத்திரத்தில் சொட்டு விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"அண்ணே, குழாய்..." என்று எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி."

"சொட்டுதே, மூடிட்டு வந்துடறேன்."

அவர் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொட்டட்டும். 'இங்க வாங்க'ன்னு கூப்பிடறாளான்னு பாக்கறேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.